கிளைப் பாதையில் வேகம் கூட வேண்டுமா? வடிகாலில் தொடங்குங்கள்

ரயில் கிளைப் பாதையை மேம்படுத்துவது என்றதும் புதுப் பெட்டி, மின்மயமாக்கல் என்றுதான் பேச்சு தொடங்கும். நான் முதலில் வடிகாலைப் பார்க்கச் சொல்வேன். மழை விட்ட மறுநாள் பாதையோரம் நடந்து பாருங்கள். ஸ்லீப்பரை, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையைச் சுற்றி ஜல்லி சேறு பூசிக் கிடந்தால், ரயில் போகும்போதெல்லாம் அடிமண் மேலே பிதுங்குகிறது என்று அர்த்தம். அங்கே டேம்பிங் இயந்திரத்தை (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்கி அடைக்கும் இயந்திரம்) ஓட்டி மட்டம் சரிசெய்தாலும் சீக்கிரமே இறங்கிவிடும். ஓரக் கால்வாயைத் தூர்வாருங்கள், ஜல்லியைச் சலித்துப் போடுங்கள், அப்புறம் டேம்பிங்.

அடுத்து இணைப்புகள். தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கினால் அதிர்வும் தேய்மானமும் குறையும். ஆனால் வெப்பம் 30 டிகிரி ஏறினால், கட்டிப்போடாத ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்துவைக்கும் கிளிப், ஸ்லீப்பர், ஜல்லி மூன்றும் சேர்ந்துதான் அதை அடக்குகின்றன. அதனால் கடும் வெயிலில் ஜல்லியைக் கிளறவே கிளறாதீர்கள். பாதை நெளிந்து ரயில் தடம் புரளக்கூடும்.

ஒற்றைப் பாதை என்றால், இரட்டைப் பாதைக்குப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ரயில்கள் எங்கே அதிக நேரம் எதிர்வண்டிக்காக நிற்கின்றன என்று கால அட்டவணையில் பாருங்கள். அதற்கேற்ற இடத்தில் ஒரு லூப் லைன் (ஒரு ரயில் ஒதுங்கி நின்று இன்னொன்றுக்கு வழிவிடும் பக்கப் பாதை) போட்டாலே பயண நேரம் கண்கூடாகக் குறையும்.