காப்பித் தோட்டத்து ராட்சதச் சிலந்தியை அடையாளம் காண்பது எப்படி

தாண்டிக்குடிப் பக்கம் மழை ஓய்ந்த பிறகு காப்பித் தோட்டத்துக்குள் நடந்தவர்களுக்கு இது தெரியும்: முகத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டும், வீட்டு நூலாம்படை மாதிரி உடனே அறுந்துவிடாமல் லேசாக இழுத்துப் பிடிக்கும், நிமிர்ந்து பார்த்தால் உள்ளங்கையை விடப் பெரிதாக ஒரு கறுப்புச் சிலந்தி தொங்கிக்கொண்டிருக்கும். பெயர் நெஃபிலா பிலிபெஸ். 1793இல் ஃபாப்ரீசியஸ் என்ற விலங்கியலாளர் வைத்த இனப்பெயர். நம் தோட்டங்களில் எந்தச் சிலந்தியைப் பார்த்தாலும் பெயர் எட்டுக்கால் பூச்சிதான்.

வயிற்றில் இருக்கும் மஞ்சள் கோடுகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் ஒரு சீசன் முழுக்க அப்படித்தான் செய்தேன், பாதி தப்பு. இந்த இனத்திலேயே கோடே தெரியாத முழுக்கறுப்புச் சிலந்திகளும் உண்டு, மஞ்சள் பட்டை போட்ட வேறு சிலந்திகளும் உண்டு. நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் வலை. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்துக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக இருக்கும், வெயில் சாய்வாக விழுந்தால் நூல் தங்க நிறத்தில் மின்னும். சிலந்தி உட்காரும் மையம் நடுவில் இருக்காது, மேல் பக்கம் ஏறியிருக்கும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: மற்ற சிலந்திகள் வலை பின்னும்போது சாரம் மாதிரி ஒரு சுருளைப் போட்டுவிட்டு ஒட்டும் நூலை இழுக்க இழுக்க அதைப் பிய்த்துவிடும், இது பிய்க்காமல் அப்படியே விட்டுவிடும். அதனால் வலையில் நாலைந்து நூல் நெருக்கமாக, கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாலைந்து நூல் என்று நாலுகோடு நோட்டு மாதிரி தெரியும். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வலை நடுவில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்திருந்தால் அது ஆர்ஜியோப், வேறு ஆள்.

அப்புறம் உடம்பு. தலை கீழாகத் தொங்கும் என்பதால் எது முன், எது பின் என்று குழம்பும். கால் எட்டும் முளைப்பது முன்பாதியான தலைமார்பிலிருந்துதான். வயிற்றில் கால் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நூல் மாதிரி ஒடுங்கிய இடுப்பு. பாறை இடுக்கிலும் குளியலறைச் சுவரிலும் கும்பலாக ஆடிக்கொண்டிருக்குமே, மிளகு அளவு உடம்பும் மயிர் மாதிரிக் கால்களுமாக, அதற்கு இந்த இடுப்பு கிடையாது, கண்ணும் இரண்டுதான், நூலும் நூற்காது, ஆக அது சிலந்தியே இல்லை.

நெஃபிலாவின் வயிறு உருண்டையாக இருக்காது, நீண்ட உருளை. பெண்ணின் உடம்பு 3 முதல் 5 சென்டிமீட்டர், காலை விரித்தால் 20 சென்டிமீட்டர் வரை போகும். மூன்றாவது ஜோடிக் கால் மட்டும் குட்டை. கண்கள் எட்டு, நாலு நாலாக இரண்டு வரிசை. போனில் ஜூம் செய்தால் தெரியும், நேரில் முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். கடித்தால் வலிக்கும், உயிருக்கு ஆபத்து இல்லை.

ஆண்தான் வேடிக்கை. 5, 6 மில்லிமீட்டர்தான், பழுப்புச் சிவப்பாக வலையின் மேல் ஓரத்தில் பயந்து பயந்து உட்கார்ந்திருக்கும். வாயருகே இருக்கும் இரண்டு குட்டிக் கைகளின் நுனி குமிழாக வீங்கியிருந்தால் ஆண். அதே வலையில் வெள்ளித் துளி மாதிரி முக்கோண வயிற்றோடு திரிவதை ஆண் என்றோ குஞ்சு என்றோ எழுதிவிடாதீர்கள், அது ஆர்ஜிரோடஸ், பெரிய வலையில் ஓசிச் சாப்பாடு சாப்பிட வந்த வேறு சிலந்தி. நான் அதைத்தான் ‘குட்டி’ என்று சித்தப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன், அவரும் நம்பிவிட்டார்.

படம் எடுக்கும்போது ஒரு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். வலையைச் சுற்றி மறுபக்கம் போய் அடிவயிறையும் எடுங்கள், இனம் சந்தேகமாக இருந்தால் பெண்ணின் இனப்பெருக்கத் துளை இருக்கும் அந்தப் பக்கத்தைத்தான் இனம் பார்த்துச் சொல்பவர்கள் கேட்பார்கள். முழு வலையும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒரு படம். குச்சியால் குத்தித் திருப்ப வேண்டாம், ஓடி மரத்தில் ஏறிவிடும்.

ஒருநாள் பெரிய வலை காலியாகக் கிடந்தால் பறவை தின்றுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், கொஞ்சம் கீழேயும் தேடுங்கள். முட்டையிட இது தரைக்கு இறங்கி, மண்ணில் குழி பறித்து, முட்டையை வைத்து மூடிவிடும்.