டெங்கு: காய்ச்சல் விடும் நாளில்தான் கவனம் வேண்டும்

டெங்குவில் பலர் ஏமாந்துபோவது காய்ச்சல் கொதிக்கும் நாட்களில் அல்ல, அது விடும் நாளில். "உடம்பு குளிர்ந்துடுச்சு, இனி பயமில்லை" என்று வீடே மூச்சுவிடும் அந்த நேரத்தில்தான், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் வரை கசியும். அதனால் காய்ச்சல் தொடங்கிய தேதியை முதல் நாளே குறித்து வையுங்கள்.

திடீர்க் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, முகச் சிவப்பு ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். ஆபத்தைச் சொல்பவை வேறு: விடாத வயிற்று வலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், அசந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இதில் ஒன்று தெரிந்தாலே, நடு இரவானாலும், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கையைத் தொட்டுப் பாருங்கள். விரல் நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். தாமதமானாலோ, கைகால் சில்லிட்டிருந்தாலோ ரத்த ஓட்டம் குறைகிறது. பிள்ளை தெளிவாகப் பேசுகிறதே என்று இருந்துவிடாதீர்கள். ரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையிலும் (ஷாக்) நினைவு தெளிவாக இருக்கலாம். பிரஷர் 100/80 என்றால் பார்க்க நன்றாகத்தான் தெரியும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவு என்றால் அது அவசர நிலை.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், 6 மணி நேர இடைவெளியில். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். இடுப்பில் ஊசியும் வேண்டாம். வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர் என்று மாற்றிக் கொடுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடித்தாலும் இந்தக் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் 5 நாட்களுக்குத்தான் பொருத்தம். நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. எல்லோரும் பிளேட்லெட் எண்ணையே பார்த்துப் பதறுகிறார்கள். அதே ரத்தப் பரிசோதனைத் தாளில் பிசிவி என்றொரு வரி இருக்கும்; ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வது அது. பிளேட்லெட் இறங்க இறங்க, 35 இருந்த பிசிவி 42க்கு ஏறினால் கசிவு கடுமை என்று பொருள். முதலில் எடுத்த ரிப்போர்ட் இல்லாமல் இந்த ஏற்றத்தைக் கணக்கிட முடியாது. அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.