டிவிடி, புளூ-ரே, ஓடிடி 4கே: எது உசத்தி என்று வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஹோம் தியேட்டர் பித்துப் பிடித்த இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். "ஓடிடியிலயே 4கே வந்தாச்சு, இன்னும் எதுக்குப்பா டிஸ்க்?" என்பார் ஒருவர். "புளூ-ரே சவுண்டைக் கேட்டிருக்கியா நீ?" என்று பாய்வார் மற்றவர். இரண்டு பேரும் ஒரே படத்தை ஒரே டிவியில், ஒரே செட்டிங்கில், ஒரே வால்யூமில் அடுத்தடுத்துப் பார்த்திருப்பார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. ஒரு விடுமுறை நாள் மதியம் போதும், அதை நீங்களே செய்துவிடலாம்.

தேவையானவை: ஒரு டிவி, ஒரு டிஸ்க் பிளேயர், ஓடிடி சந்தா, ஸ்பீக்கர் செட் அல்லது சவுண்ட்பார். 4கே டிஸ்க்குக்கென்று தனி பிளேயர் வாங்கும் முன் வீட்டுப் பிள்ளைகளின் கேம் கன்சோலைப் பாருங்கள். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கைப் படிக்கும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ படிக்காது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரே படம் குறைந்தது இரண்டு வடிவங்களில் கையில் இருக்க வேண்டும். 4கே டிஸ்க் பெட்டிகள் பலவற்றில் கூடவே சாதாரண புளூ-ரேயும் வரும் என்பதால் இது சுலபம். ஆனால் இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் புளூ-ரே சில சமயம் பத்து வருடத்துக்கு முன் வெளியிட்ட அதே பழைய டிஸ்க்காக இருக்கும். 4கே டிஸ்க்குக்கு மட்டும் நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து, வண்ணத்தைப் புதிதாகத் திருத்தியிருப்பார்கள். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு "4கே எங்கேயோ போயிடுச்சு" என்பீர்கள். நீங்கள் பார்த்தது மாஸ்டரின் (டிஸ்க் போட அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் மூலப் பிரதியின்) வித்தியாசம், வடிவத்தின் வித்தியாசம் அல்ல.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2000-க்குப் பிறகு டிஜிட்டலில் முடிக்கப்பட்ட ஏராளமான படங்களின் இறுதி மாஸ்டர் 2கே தான், அதாவது அகலம் 2048 புள்ளி. அதைப் பெரிதாக்கித்தான் 4கே டிஸ்க் போடுகிறார்கள். அப்படிப்பட்ட படத்தில் கூர்மை பெரிதாக அதிகரிக்காது. வண்ணமும் வெளிச்சமும்தான் மாறும். ஆகவே முதல் சோதனைக்கு, பிலிமில் எடுத்து 4கே-யில் ஸ்கேன் செய்த பழைய படம் ஒன்றையும், டிஜிட்டலில் எடுத்த சமீபத்திய படம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: காகிதத்தில் ஒரு கணக்கு

அட்டையில் போட்டிருக்கும் 4கே என்பது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும். அந்தப் புள்ளிகளுக்கு எவ்வளவு தகவல் செலவழித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வது பிட்ரேட். அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்: கோப்பின் அளவை ஜிபியில் எடுத்து 8000-ஆல் பெருக்கி, படத்தின் நீளத்தை நொடியில் எடுத்து வகுத்தால் எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) கிடைக்கும்.

இரட்டை அடுக்கு டிவிடி 8.5 ஜிபி கொள்ளும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் அதில் போட்டால் கிட்டத்தட்ட 7.5 எம்பிபிஎஸ் கிடைக்கும். நம் ஊரில் 'மூன்று படங்கள் ஒரே டிவிடியில்' என்று விற்றார்களே, அதே கணக்கைப் போடுங்கள்: படத்துக்கு 2.5 எம்பிபிஎஸ். கூட்டமும் புகையும் வந்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்ததற்குக் காரணம் இதுதான். டிவிடி என்ற வடிவத்தின் மீது பலருக்கு இருக்கும் இளக்காரத்தில் பாதி இந்த மூன்று பட டிஸ்க்குகள் சம்பாதித்துக் கொடுத்தது.

இப்போது மேலே வருவோம். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு மணிக்கு 7 ஜிபி வரை செலவாகும் என்கிறது. கணக்குப்படி 15 எம்பிபிஎஸ்-சுக்குச் சற்று மேல். இரண்டு மணி நேரப் படம் 4கே டிஸ்க்கில் 60 ஜிபியை அடைத்திருந்தால் அது கிட்டத்தட்ட 67 எம்பிபிஎஸ். நான்கு மடங்குக்கும் மேல். இங்கே ஒரு எச்சரிக்கை: டிவிடி எம்பெக்-2 என்ற பழைய முறையில் சுருக்கப்படுகிறது, 4கே டிஸ்க் எச்இவிசி முறையில். புதிய முறை அதே தரத்தைக் குறைந்த பிட்டில் தரும். அதனால் முறை வேறானால் எண்களை நேரடியாக மோதவிடாதீர்கள்.

படி 3: டிவியைச் சரிசெய்வது

சோதனைகள் பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் இது. டிவியில் படத்துக்கான செட்டிங் ஒன்று அல்ல, பல. எச்டிஎம்ஐ 1-க்கு ஒன்று, எச்டிஎம்ஐ 2-க்கு ஒன்று, டிவிக்குள் இருக்கும் செயலிகளுக்குத் தனியாக ஒன்று. எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) வந்தால் இவற்றுக்கு மறுபடி தனி நினைவகம். நீங்கள் டிஸ்க் பிளேயருக்கு 'சினிமா' மோடு வைத்து, ஓடிடி செயலி 'விவிட்' மோடில் பளபளத்துக்கொண்டிருந்தால், அது செட்டிங்குகளின் சண்டை.

ஒவ்வொரு வழியிலும் போய், ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதையும், இல்லையென்றால் சினிமா அல்லது மூவி மோடையும் வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது படத்தை மெகா சீரியலாக்கிவிடும். ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்‌ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றும் குறைந்த அளவில் அல்லது அணைந்த நிலையில். பிளேயர் சொருகிய எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு 'டீப் கலர்' அல்லது 'என்ஹான்ஸ்டு' என்ற மாதிரி ஒரு சுவிட்ச் மெனுவில் இருக்கும். அதைப் போடாவிட்டால் சில டிவிகளில் எச்டிஆர் வரவே வராது.

பிறகு உட்காரும் தூரம். 55 அங்குல டிவியில் 1080 வரி கொண்ட படத்தின், அதாவது புளூ-ரேயின், புள்ளிகளைச் சராசரிக் கண் ஏறக்குறைய 7 அடி வரைதான் பிரித்துப் பார்க்கும். அதற்கு அப்பால் போனால் புளூ-ரேக்கும் 4கே-க்கும் கூர்மையில் வித்தியாசம் தேடுவது வீண். பத்தடி தள்ளி சோபா போட்டிருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகவும்.

படி 4: எந்தக் காட்சியைப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில் கதாநாயகனின் குளோசப்பை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. எல்லா வடிவத்திலும் அது நன்றாகத்தான் இருக்கும். சுருக்கும் மென்பொருள் திணறும் இடங்களைத் தேடுங்கள்: இரவு, மழைச் சண்டை, புகை, அலையும் தண்ணீர், காகிதத் துண்டுகள் பறக்கும் திருவிழாக் கூட்டம்.

இருட்டு அறையில் ஒற்றை விளக்கு எரியும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகரைப் பார்க்காதீர்கள், அவருக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் இடத்தில் சுவர் வழுக்கிக்கொண்டு மங்குகிறதா, அல்லது படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக இறங்குகிறதா? பட்டை விழுவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. டிவிடியும் சாதாரண புளூ-ரேயும் 8 பிட், அதாவது ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலை. 4கே டிஸ்க் 10 பிட்டில் 1024 படிநிலை தருகிறது. இரண்டாவது, பிட்ரேட் பஞ்சம். 10 பிட்டில் வரும் ஓடிடியிலும் இருண்ட மூலைகள் சேறு மாதிரி கலங்குவது இதனால்தான். பிலிமில் எடுத்த படம் என்றால் கிரெயின் (பிலிமுக்கே உரிய பொடித் துகள்கள்) என்ன ஆகிறது என்று பாருங்கள். டிஸ்க்கில் அது நுண்மணலாக உயிரோடு நெளியும், ஓடிடியில் பல சமயம் மெழுகு பூசியது போல் வழித்துவிடப்பட்டிருக்கும்.

நிறுத்தி வைத்து ஒரு முறை, ஓடவிட்டு ஒரு முறை என இரண்டு விதமாகவும் பாருங்கள். ஓடும்போது கண்ணில் படாத குறை, குறையே அல்ல என்பது என் கட்சி.

எச்டிஆர் பற்றி: பத்தடி தூரத்திலும் தெரியும் வித்தியாசம் இதுதான், புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல. ஆனால் டிவிக்கு வெளிச்ச வலு வேண்டும். மலிவான 43 அங்குல டிவியில் எச்டிஆர் படம் சாதாரண படத்தைவிட மங்கலாகத் தெரிவது சகஜம்.

படி 5: ஒலி

ஒரு விதி: சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நன்றாகக் கேட்பதாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசமே காதை ஏமாற்றப் போதும். ஓடிடியும் டிஸ்க்கும் ஒரே வால்யூம் எண்ணில் ஒரே சத்தத்தைத் தருவதில்லை. ஆகவே போனில் ஒலி அளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, உட்காரும் இடத்தில் வைத்து, ஒரே வசனக் காட்சியை இரண்டு வழியிலும் அரை நிமிடம் ஓடவிட்டுச் சராசரியைச் சமன்செய்யுங்கள். வெடிக்கும் காட்சியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், போனின் மைக் பாஸ் ஒலியில் பொய் சொல்லும். ரிசீவரில் நைட் மோடு (பெரிய சத்தங்களை அமுக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டிவிடியில் டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் 448 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்). நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) 768 வரை. புளூ-ரேயின் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் எதையும் கழிக்காத ஒலி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஆறு சேனல் என்றால் சுருக்கத்தைப் பிரித்த பிறகு கிட்டத்தட்ட 6900 கேபிபிஎஸ். எண்களில் பெரிய இடைவெளி. வால்யூமைச் சமன்செய்த பிறகு காதில் அவ்வளவு இடைவெளி இருக்காது. மழையின் நுணுக்கம், வயலின் கூட்டம், சத்தத்துக்கு நடுவே ஒரு நொடி மௌனம் விழும் இடம், இங்கெல்லாம் கவனித்தால் பிடிபடும். டிவிக்குள்ளிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி போகிறது என்றால் இன்னொரு விஷயம்: டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே அனுப்பும் சாதாரண ஏஆர்சி இணைப்பு ட்ரூஎச்டியைக் கடத்தாது, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். சவுண்ட்பாரின் திரையில் என்ன பெயர் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பிஏஎல் முறை (நொடிக்கு 25 பிரேம் ஓடும் பழைய டிவி முறை) டிவிடி கையில் இருந்தால் நீளத்தைப் பாருங்கள். நொடிக்கு 24 பிரேம் படத்தை 25-ஆக ஓட்டுவதால் 150 நிமிடப் படம் 144-இல் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் பாட்டு அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். பாட்டை மனப்பாடமாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே உறுத்தும்.

படி 6: தெரியாமல் பார்ப்பது

வீட்டில் ஒருவரிடம் ரிமோட்டைக் கொடுங்கள். எது ஓடுகிறது என்று சொல்லாமல், டிவியின் மேல்மூலையில் வரும் அறிவிப்பு மறையும்வரை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அவர் மாற்றி மாற்றிப் போடட்டும். ஒவ்வொரு முறையும் எது டிஸ்க் என்று எழுதிவையுங்கள். பத்து முறையில் ஐந்தாறுதான் சரி என்றால் உங்கள் அறையில், உங்கள் டிவியில் அந்த வித்தியாசம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க்குக்கு வைத்திருந்த காசில் ஒரு சப்வூஃபர் வாங்குங்கள். ஒன்பது சரி என்றால் டிஸ்க் வாங்கத் தொடங்கலாம். டிஸ்க்கும் பிளேயரும் ஒரே மண்டலத்துக்கு உரியவையாக இல்லாவிட்டால் படம் ஓடாமல் போகலாம்: டிவிடிக்கு இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5, புளூ-ரேக்கு மண்டலம் சி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் பின்னட்டையில் அதைப் பாருங்கள். 4கே டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை கிடையாது.