1,23,45,678-ஐப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரிய எண்ணுக்கு எத்தனை வகுத்திகள், அவற்றின் கூட்டுத்தொகை என்ன என்ற கேள்விகளுக்கெல்லாம் பகாக் காரணிகள் தெரிந்தால் போதும். வேலை முழுக்க அங்கேதான்.

1,23,45,678 இரட்டை எண். 2-ஆல் வகுத்தால் 61,72,839. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 36. 3-ஆல் வகுத்தால் 20,57,613. பலர் இந்த இடத்தில் அடுத்த பகா எண்ணுக்குத் தாவிவிடுவார்கள். வகுத்த 3-ஐயே மறுபடி போட்டுப் பாருங்கள். இலக்கங்களின் கூட்டுத்தொகை 24, ஆக இன்னொரு 3 உண்டு. மிஞ்சுவது 6,85,871, கூட்டுத்தொகை 35 என்பதால் 3 முடிந்தது. கடைசி இலக்கம் 1, எனவே 5 இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் சோதிக்கலாம், ஏனென்றால் 7×11×13 = 1001. வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கழியுங்கள்: 871 − 685 = 186. இது அந்த மூன்றில் எதனாலும் வகுபடாது, எனவே 6,85,871-உம் வகுபடாது. லட்சக் காற்புள்ளியைப் பார்த்து 6, 85, 871 என்று வெட்டினால் 871 − 85 + 6 = 792 வரும். அது 11×72! இல்லாத 11-ஐக் காரணியாக எழுதிவிடுவீர்கள். முதலில் காற்புள்ளிகளை அழித்துவிடுங்கள்.

17 முதல் 43 வரை எதுவும் இல்லை. 47-ஆல் நீள்வகுத்தலில் 68, 215, 278, 437, 141 என இறங்கி மீதி 0, ஈவு 14,593.

எதுவரை சோதிப்பது? மிஞ்சிய எண்ணின் வர்க்கமூலம் வரை. தொடக்கத்தில் எல்லை 3513. இப்போது 120 மட்டுமே. ஒவ்வொரு காரணி கிடைத்ததும் எல்லையைத் திருத்தாதவர்கள்தான் மணிக்கணக்கில் வகுத்துக்கொண்டிருப்பார்கள். 47-இல் மறுபடி தொடங்கி 113 வரை பதினாறு பகா எண்கள், எதுவும் வகுக்காது. கடைசியாக 113-ஆல் வகுத்தால் கால்குலேட்டரில் 129.14159 என்று வரும். புள்ளிக்குப் பின் பை (π) எட்டிப் பார்க்கிறது: 355/113 பை-க்கு மிக நெருக்கம், 16/113 அதன் பின்னப் பகுதி. பதினாறில் எதுவும் வகுக்காததால் 14,593 பகா எண்.

1,23,45,678 = 2 × 3² × 47 × 14593

அடுக்குகளோடு 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை: 2×3×2×2 = 24. ஒவ்வொரு பகாக் காரணிக்கும் 1-இலிருந்து அதன் கடைசி அடுக்கு வரை கூட்டி, அவற்றைப் பெருக்கினால் வகுத்திகளின் கூட்டுத்தொகை: 3×13×48×14594 = 2,73,19,968. 3²-க்கு 1+3+9 = 13 என்று எடுக்க வேண்டும்; 4×4 என்று போட்டால் தப்பு. எண்ணைக் கழித்தாலும் 1,49,74,290 மிஞ்சுகிறது, அது எண்ணைவிடப் பெரிது. எனவே இது மிகை எண். 47-ஐ 4-ஆல் வகுக்க மீதி 3, அதன் அடுக்கோ ஒற்றை. அப்படியொரு பகாக் காரணி இருந்தால் அந்த எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது.

பதினாறு இலக்கமும் அதற்கு மேலும் உள்ள எண்களை எக்செலில் போடாதீர்கள். 15 இலக்கங்களுக்குப் பின் உள்ளவற்றைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும். பைத்தான் நிரல்மொழியின் முழு எண்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் மீதியை % குறியால் பாருங்கள், / போட்டால் தசமமாகி அங்கேயும் கடைசி இலக்கங்கள் கரைந்துபோகும்.