வன்னிக்கு டபுள் கப் வாங்கமுன்

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஓட்டப் பாவித்த டபுள் கப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) வாங்குபவர்களுக்கு இது. அமெரிக்காவில் ஓடும் எஃப்-150 போன்ற பெரிய பிக்கப், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 2 மீற்றர் அகலம். குளக்கட்டில் எதிரே உழவு இயந்திரம் வந்தால் ஒன்று பின்னுக்குப் போகத்தான் வேண்டும். ஆகவே இங்கே போட்டி டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200, இசுசு டி-மேக்ஸ், நிசான் நவாரா, ஃபோர்ட் ரேஞ்சருக்குள்தான். குதிரைவலுவை வைத்து இவற்றைத் தரம் பிரிப்பது வீண்வேலை. கிரவல் வீதியில் 40 இல் போகிற வாகனத்துக்கு அது எதற்கு?

பாரக் கணக்கைப் பாருங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள மொத்த எடையில் (பாரத்தோடு இருக்கக்கூடிய உச்சம்) வெற்று எடையைக் கழிக்க வேண்டும். உதாரணமாக 2,800 இல் 1,850 போனால் 950 கிலோ. ஆட்களும் அதற்குள்தான் அடக்கம். ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ போய்விடும். மிச்சம் 600, அதாவது 50 கிலோ பசளைப் பை 12. டபுள் கப்பின் தட்டு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர்தான். மூட்டைகளைப் பின்கதவோடு அடுக்கினால் பாரம் அச்சுக்குப் பின்னால் விழும், முன்சில்லு லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. நெல்லும் பசளையும்தான் வேலையென்றால், ஒரு வரிசை இருக்கையும் நீளமான தட்டும் உள்ள சிங்கிள் கப்பே போதும்.

இஞ்சினில் கேட்கவேண்டியது, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைப்பது பெல்ட்டா செயினா என்பது. 2015 க்கு முந்திய ஹைலக்ஸ் 2.5, 3.0 டீசலுக்கும் 4டி56 இஞ்சின் எல்200 க்கும் ரைமிங் பெல்ட். டி-மேக்ஸ் 3.0 க்கும், பிந்திய ஹைலக்ஸ் 2.4, 2.8 க்கும் செயின். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். மாற்றிய பில் இல்லையா, மாற்றவே இல்லை என்று வைத்து அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ரோச் லைட்டோடு கீழே படுப்பது. மாரியில் வெள்ளம் பாயும் மதகுகளைக் கடந்த வாகனத்தில் தண்ணீர் முதலில் போவது டிப்ரன்ஷலுக்குள் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி). சூடாக ஓடியது தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும். மேலே உள்ள மூச்சுக்குழாய் கழன்றோ அடைபட்டோ இருந்தால் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். நிரப்பும் நட்டைக் கழற்றிச் சின்னவிரலை விட்டுப் பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறமென்றால் உள்ளே பெயரிங்கும் பல்லும் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையில் மீன் ஏற்றிய வாகனமென்றால் ஐஸ் தண்ணீர் வடியும் இடமான பின் லீப் ஸ்பிரிங் தாங்கிகளைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள்: கணீரென்றால் இரும்பு, பொத்தென்றால் துரு. புதுசாகக் கறுப்பு அடித்த சேஸியை இரண்டு மடங்கு சந்தேகியுங்கள்.

நாலு சில்லு இழுவையைத் தாரில் சோதிக்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டுவதால் வளைவில் முறுக்கேறி, பாகம் உடையலாம். சூப்பர் செலக்ட் (முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) உள்ள எல்200 போன்றவை விதிவிலக்கு. மற்றவற்றைக் கிரவலில் 4எச் (சாதாரண வேகத்துக்கான நாலு சில்லு இழுவை) போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல உருட்டுங்கள். வாகனம் இழுத்துப் பிடித்தால் முன் அச்சு வேலை செய்கிறது. சுகமாகத் திரும்பினால் அது வெறும் லைட்தான் எரிகிறது. 4எல் ஐ (மெதுவான, பலமான இழுவை) வாகனத்தை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துப் போடுங்கள். வருடக்கணக்காகத் தொடாத லீவர் இறுகியிருக்கும்.

புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால், அதை நீக்கும் கடிதம் கைக்கு வரும்வரை முற்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.