வீட்டு பர்கர்: சாறு எங்கே போகிறது?

அரை கிலோ கொத்துக்கறி வாங்கி வந்ததும் நம்மில் பலர் முதலில் செய்வது, அதை வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் காட்டுவது. வீட்டு பர்கர் பாதி கெடுவது அங்கேதான். துண்டுக் கறியைக் கழுவினால் தண்ணீர் மேலோடு வழிந்துவிடும். கொத்திய கறியோ பஞ்சு மாதிரி இழுத்து வைத்துக்கொள்ளும். அவ்வளவும் தோசைக்கல்லில் வெளியே வரும். தண்ணீர் தேங்கி நிற்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது; பழுப்பு நிறமும் பொரிந்த மணமும் வர அதற்கு மேல் 140 டிகிரி வரையாவது போக வேண்டும். கடைசியில் கிடைப்பது வெந்த கறி, பொரிந்த கறியல்ல. கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் துண்டாக இருக்கும்போதே கழுவி, சுத்தமான துணியால் ஒற்றியெடுத்து, பிறகு கொத்துங்கள்.

(பன்னுக்குள் வைக்கும் அந்தக் கறியை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் எழுதினால் பாட்டியாகவோ பேட்டியாகவோ ஆகிவிடுகிறது. நான் வட்டு என்றே எழுதுகிறேன்.)

அடுத்த தவறு கடையிலேயே நடக்கிறது. “கொழுப்பெல்லாம் எடுத்துட்டுப் போடுங்க பாய்” என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் நமக்கு. குழம்புக்கு அது சரி. பர்கரின் சாறு என்று நாம் ருசிப்பதில் பெரும்பங்கு உருகிய கொழுப்புதான். அரை கிலோவில் 100 கிராம் கொழுப்பு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, இருக்கட்டும். கோழியென்றால் நெஞ்சுக்கறியை விட்டுவிட்டு, எலும்பு நீக்கிய தொடைக்கறியைக் கொஞ்சம் தோலோடு அரைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கறி மட்டும் போட்டால் என்ன சாஸ் ஊற்றினாலும் தொண்டையை அடைக்கும்.

இனி, நானே செய்த தவறு. முதல்முறை பர்கர் செய்தபோது கை தானாகக் கோலா உருண்டை வழிக்குப் போய்விட்டது. வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பொட்டுக்கடலை மாவு, ஒரு முட்டை, உப்பு. எல்லாம் போட்டுச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவும் வைத்தேன். பொரித்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடித்தால் ரப்பர். விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பியது.

குற்றவாளி மசாலா இல்லை, உப்பு. கறியில் உப்பைக் கலந்து வைத்தால் மயோசின் என்ற புரதம் கரைந்து பசையாகிறது. பிசையப் பிசைய அது துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து இறுக்குகிறது. சாசேஜுக்கு வேண்டியது இந்த இறுக்கம்தான். பர்கருக்கு வேண்டியதோ உதிரியாக, இடையிடையே கொழுப்பு தங்க இடம் விட்டு நிற்கும் கறி. அதனால் கறியைக் குளிர்ச்சியாகவே எடுத்து, விரல் நுனியால் லேசாகக் கூட்டி வட்டு தட்டுங்கள். உப்பும் மிளகும் கல்லில் போடும் நிமிடத்தில் மேலே தூவினால் போதும். வெங்காயம் பன்னுக்குள் வரட்டும். கறிக்குள் போனால் தண்ணீர் விட்டு வட்டை உடைக்கும்.

ஒரு வட்டுக்கு 120 கிராம், ஒன்றரை சென்டிமீட்டர் கனம். வெந்தால் சுருங்கும் என்பதால் பன்னைவிட விரற்கடை அகலமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. இந்தக் குழியைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சூட்டில் ஓரம் முதலில் சுருங்கி நடுப்பகுதியைப் பந்துபோல் தள்ளும். உடனே தோசைத் திருப்பியால் ஓங்கி ஓர் அழுத்து. ‘சொய்’யென்று ஒரு சத்தம் கேட்குமே, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சாறு கல்லில் கருகும் சத்தம் அது. அழுத்திச் சுடும் ஸ்மாஷ் பர்கர் உண்டே என்று கேட்கலாம். அங்கே உருண்டை கல்லில் விழுந்த முதல் அரை நிமிடத்துக்குள், கொழுப்பு உருகும் முன்பே, ஒரே ஒருமுறை அழுத்துகிறார்கள். அதற்குப் பிறகு தொடுவதில்லை.

இரும்புக் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். வெளிநாட்டு வீடியோக்களில் நடுவில் இளஞ்சிவப்பாக வெட்டிக் காட்டுவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். முழுத்துண்டு கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சுட்டால் போய்விடும். கொத்தும்போது அதே கிருமி உள்ளே வரை கலந்துவிடுகிறது. நடுப்பகுதி 71 டிகிரி, கோழியென்றால் 74 டிகிரி வர வேண்டும். குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் ஊகிக்கும் வேலை மிச்சம். கொழுப்பும் உப்பும் சரியாக இருந்தால் முழுதாக வெந்த வட்டிலும் சாறு நிற்கும். இறக்கி இரண்டு நிமிடம் விட்டுப் பன்னில் வையுங்கள்.

சீஸை இறக்கிய பிறகு வைத்தால் உருகாது. கடைசி நிமிடத்தில் வைத்து, கல்லின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மூடுங்கள்.

பச்சைக் காய்கறியில் எதிரி ஈரம். தக்காளி வில்லைகளில் உப்பைத் தூவிப் பத்து நிமிடம் விட்டு ஒற்றியெடுத்தால் சொதசொதப்பு போய் ருசி கூடும். வெங்காயத்தை ஐஸ் தண்ணீரில் போட்டெடுத்தால் காரம் அடங்கும். லெட்யூஸ் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். அதை வட்டுக்கு அடியில் வைத்தால் கீழ்ப் பன் நனையாது. புதினா சட்னி ஊற்ற ஆசையென்றால் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் கெட்டித் தயிரில் கலந்து தடவுங்கள்.

மயோனைஸை வீட்டில் செய்கிறோம் என்று பச்சை முட்டையை உடைத்து ஊற்ற வேண்டாம். வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி பயம் சும்மா இல்லை. பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. முட்டையில்லாமலே நன்றாக வரும். 100 மில்லி குளிர்ந்த பால், 200 மில்லி வாசனையில்லாத எண்ணெய், கொஞ்சம் கடுகுத்தூள், உப்பு. கை பிளெண்டரைப் பாத்திரத்தின் அடியில் ஊன்றி ஓட்டி, மெல்ல மேலே தூக்கினால் ஒரு நிமிடத்தில் கெட்டிப்படும். எலுமிச்சைச் சாறு அதற்குப் பிறகுதான். முதலிலேயே விட்டால் பால் திரியும். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், இட்லிப் பொடிதான் நினைவுக்கு வரும்.

பேக்கரியில் பன் கேட்டால், டூட்டி ஃப்ரூட்டி பதித்த இனிப்பு பன்னை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது டீயில் தொட்டுக்கொள்ள. பர்கருக்கு இனிப்பு குறைந்த பன்னாகக் கேட்டு வாங்கி, இரண்டாக அறுத்து, உட்பக்கம் வெண்ணெய் தடவி, வட்டு பொரிந்த அதே கல்லில் கவிழ்த்து முறுக விடுங்கள்.