கடை வேலையில் சேருமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் பதினொரு வருஷம் சேல்ஸில் நின்றவள் நான். நின்றவள்தான், உட்கார்ந்தவள் இல்லை. கல்யாணச் சீருக்கு ஒரு குடும்பம் வந்தால் பித்தளை, எவர்சில்வர் எல்லாம் இறக்கி, எடை போட்டு, பேர் வெட்டி முடிக்க நாலு மணி நேரமாகும். நாற்காலி கல்லாவில் மட்டும். இப்போது என் சின்னம்மா மகள் ஒரு சேலைக் கடையில் சேர்கிறாள். அவளுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் ஸ்டூல் இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தப்படி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி தர வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். கஸ்டமர் எதிரே நிற்கும்போது முடியாது, சரி. மத்தியான வெயிலில் தெருவே வெறிச்சென்று கிடக்குமே, அப்போது? மேனேஜரிடம் சட்டம் பேச வேண்டாம். "ஸ்டூலை எங்கே போடட்டும் அண்ணே?" என்று கேளுங்கள், போதும்.

அப்புறம் நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் ஓவர்டைம், இரட்டைச் சம்பளம். அதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நாலு மணி வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் இடைவேளை.

இதை நோட்டில் தினமும் எழுதுங்கள்: வந்த நேரம், போன நேரம், இடைவேளை. கடை ரெஜிஸ்டர் முதலாளி கையில் இருக்கும். நான் எழுதவில்லை. ஒரு தீபாவளிக்கு ராத்திரி பதினொன்று வரை நின்ற நாட்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள். ஓவர்டைம் கேட்டபோது "எந்தெந்தத் தேதி?" என்றார்கள். வாயடைத்துப் போனேன். நல்ல கேரியர்தான், இன்னும் இருக்கிறது.

லீவு: வாரம் ஒரு நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே ஐந்து பண்டிகை நாள். உடம்புக்கு முடியாவிட்டால் வருஷம் 12, சொந்தக் காரியத்துக்கு 12. ஒரு வருஷம் முடித்தால் சம்பளத்தோடு இன்னும் 12. கொப்புடையம்மன் தேர் பண்டிகைப் பட்டியலில் இல்லையென்றால் சொந்த லீவில் போங்கள்.

ஆறு மாதம் தாண்டியவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்று விசாரித்து நிரூபித்தால் வேறு கதை. தகராறு வந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நோட்டோடு போங்கள்.

நேற்று அவள் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். "வந்தது 9.25. போனது 9.10. சாப்பாட்டுக்கு 40 நிமிஷம். ஸ்டூல் ஒன்று, ஆள் ஆறு."